உடம்பெல்லாம் நோகும் பெண்களுக்கு என்ன உணவு?

“உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி நோவுது!”

மலைநாட்டு வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காத நாளில்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, இராகலை என்று எந்த ஊருக்குப் போனாலும் தாய்மார்கள் இப்படிச் சொல்லக் கேட்கலாம். குளிர் என்கிறோம். வாய்வு என்கிறோம். பிள்ளை பெற்ற உடம்பு என்கிறோம். கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணாயிருந்தால் பாரம் தூக்கிய நோவு என்கிறோம். கொஞ்சம் தைலத்தைத் தேய்த்து, இரண்டு பெனடோலைப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். இரண்டு நாள் ஓய்வெடுத்தால் ஆறிவிடும். ஆனால் சில சகோதரிகளுக்கு அந்த நோவு ஆறுவதேயில்லை. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் தொடர்கிறது. இரவு முழுவதும் படுத்திருந்தும் சுபஹுக்கு எழும்பும்போது தூங்காதவர் போலக் களைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் குறையில்லை. “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதைக் கேட்ட வீட்டார், “வேலைக்குக் கள்ளம்” என்று முணுமுணுக்கத் தொடங்குகிறார்கள். நோவோடு அவப்பெயரும் சேர்ந்துகொள்கிறது.

இந்த நோவுக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு. பைப்ரோமயல்ஜியா என்பார்கள். மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவன் நோயைப் பற்றி எழுதுவதேன் என்று வாசகிகள் கேட்கலாம். நோவுக்குத் தண்ணீர் ஓதித் தாருங்கள் என்று எங்களைத் தேடி வரும் தாய்மார்களில் பலர் சொல்லும் அடையாளங்கள் இந்த நோயின் அடையாளங்களே. தண்ணீரோடு சேர்த்து இரண்டு நல்ல விஷயங்களையும் சொல்லி அனுப்புவது எங்கள் கடமையல்லவா? அதிலும் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

இது என்ன நோய்?

‘பைப்ரோ’ என்றால் நார். ‘மயோ’ என்றால் தசை. ‘அல்ஜியா’ என்றால் நோவு. நாரிலும் தசையிலும் உண்டாகும் நோவு என்று பொருள். 1904ஆம் ஆண்டு இங்கிலாந்து வைத்தியர் கவர்ஸ் என்பவர் இதைத் தசைநார்களின் அழற்சி என்று கருதி வேறொரு பெயர் வைத்தார். பிறகு ஆராய்ந்தவர்கள் தசையில் அழற்சி எதையும் காணவில்லை. 1976இல் இன்றைய பெயர் வழக்கத்துக்கு வந்தது. 1990இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் கல்லூரி இதைக் கண்டறிய முறையான அடையாளங்களை வகுத்தது. 2010இல் அவை திருத்தப்பட்டன.

மூன்று மாதங்களுக்குக் குறையாமல் உடம்பின் பல பகுதிகளில் நோவு; களைப்பு; தூங்கியும் தெளியாத தூக்கம்; மறதியும் மந்தமும். இவையே முக்கிய அடையாளங்கள். பலருக்குத் தலைவலி, வயிற்றுப் பொருமல், மலம் ஒரு நாள் இறுகி மறுநாள் இளகிப் போதல் ஆகியவையும் சேர்ந்து வருகின்றன. உலகில் நூற்றுக்கு இரண்டு பேர் முதல் நான்கு பேர் வரை இந்நோய் உள்ளவர்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஆண்களுக்கும் வரும். ஆனால் பெண்களே அதிகம்.

காரணம் என்ன? ஒரு வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். நிலையம் அனுப்புவது மெல்லிய பேச்சுத்தான். ஆனால் பெட்டியின் திருகைக் கூட்டி வைத்துவிட்டால் காது கிழிகிறது. இந்நோயில் நரம்பும் மூளையும் நோவைக் கேட்கும் திருகு கூடிப்போய் இருக்கிறது. பிறருக்கு உறைக்காத அழுத்தம் இவருக்கு நோவாகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான். நோவு உண்மை. நடிப்பும் இல்லை, சோம்பலும் இல்லை.

தூக்கத்துக்கும் இந்தத் திருகுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. கனடாவின் டொரொண்டோ நகரில் மோல்டோஃப்ஸ்கி என்ற வைத்தியரும் அவரது கூட்டாளிகளும் 1975இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயில்லாத ஆட்களை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் இரவில் சத்தம் எழுப்பித் தடுத்தார்கள். சில நாட்களிலேயே அவர்களுக்கும் தசை நோவும் களைப்பும் வந்தன. தூக்கத்தைக் கெடுக்கும் எதுவும் இந்நோவைக் கூட்டும் என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

முதலில் இரத்தத்தைப் பாருங்கள்

உணவை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. பைப்ரோமயல்ஜியாவின் வேஷத்தில் வேறு நோய்களும் வருகின்றன. இரத்தச்சோகை, தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, விட்டமின் டீ குறைபாடு ஆகிய மூன்றும் முக்கியமானவை. மூன்றிலும் உடம்பு நோகும், களைக்கும். மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. இவற்றைப் பாராமல் “எனக்கு அந்த நோய்தான்” என்று முடிவு கட்டுவது நஷ்டம்.

நம் மலைநாட்டில் இரத்தச்சோகையை இலேசாக எண்ணலாகாது. 1979ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ என்ற மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வு வெளியானது. எட்ஜெர்டன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் நம் நாட்டு வைத்தியர் சேனவிரத்னவும் வேறு சிலரும் சேர்ந்து செய்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரையும், மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் சத்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதம் சென்றபின் இரும்புச்சத்தால் இரத்தம் கூடியவர்கள் முன்னையிலும் அதிகமாகக் கொழுந்து பறித்தார்கள். இரத்தம் மிகக் குறைந்திருந்தவர்களிடம் அந்த வித்தியாசம் மிகத் தெளிவாக இருந்தது. பறிக்கும் நேரத்தில் மட்டுமல்ல, வீட்டில் நடமாடும் சுறுசுறுப்பும் கூடியிருந்தது. அதுவரை அந்தப் பெண்களில் எத்தனை பேர் சோம்பேறி என்று ஏச்சு வாங்கியிருப்பார்கள்!

ஆகவே தோட்ட வைத்தியசாலையிலோ, டிக்கோயா, நுவரெலியா போன்ற அரசாங்க வைத்தியசாலையிலோ முழுக் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருத்தரிக்காத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை, தைரொயிட் பரிசோதனை, சீனிப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். கடையில் இரும்பு மாத்திரையை வாங்கித் தாமாகவே விழுங்குவது கூடாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் சாயல் உள்ளவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவையில்லாமல் இரும்பு சேர்வது நல்லதன்று.

மாணவர் ஒருவரின் தாயார் பல வருடங்களாகக் கை கால் உளைச்சலால் வருந்தினார். கண்ணூறு என்று ஒருவர் சொன்னார். சூனியம் என்று மற்றொருவர் சொல்லி அவரிடம் பெரிய தொகை வாங்கிவிட்டார். கடைசியில் இரத்தத்தைப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9 கிராமுக்குக் கீழே இருந்தது. இரும்புச்சத்து ஏறியபின் களைப்பில் பாதி போய்விட்டது. மிச்சமிருந்த நோவு பைப்ரோமயல்ஜியா என்று வாதநோய் வைத்தியர் கண்டு மருந்து கொடுத்தார். ஓதிப் பார்ப்பது ஆகுமான காரியம். ஆனால் அது இரத்தப் பரிசோதனைக்குப் பதிலாகாது.

மூட்டு வீங்கிச் சிவந்திருந்தாலும், காய்ச்சல் விடாமல் அடித்தாலும், காரணமின்றி உடம்பு மெலிந்தாலும், கை கால் பலம் இழந்தாலும் தாமதிக்காதீர்கள். அவை வேறு நோயின் அறிகுறிகள்.

தேத்தண்ணீருக்கு ஒரு நேரம்

தேயிலை விளையும் மண்ணில் இருந்துகொண்டு தேத்தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்வது விந்தையாக இருக்கும். குடிப்பதைக் குற்றம் சொல்லவில்லை. எப்போது குடிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தேயிலையின் துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் உள்ள இரும்பைக் கட்டிப் பிடித்து உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்புக்கே இந்தத் தடை அதிகம். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சேரும் அளவு பாதிக்கு மேலும் குறையலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் வழக்கமோ ரொட்டியைக் கடித்துத் தேத்தண்ணீரை உறிஞ்சுவது! சோறு தின்று கை கழுவுமுன் கோப்பை வந்துவிடுகிறது. கீரையைத் தின்றும் இரத்தம் ஊறவில்லையே என்று கவலைப்படுபவர்கள் முதலில் இதைக் கவனியுங்கள். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விட்டால் அந்தத் தடை கணிசமாகக் குறைகிறது. சாப்பாட்டோடு சுடுதண்ணீர் குடியுங்கள். சோற்றில் அரைத் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். கொய்யா, பப்பாசி, தோடம்பழம் எதுவானாலும் ஒரு துண்டு தின்னுங்கள். அந்தப் புளிப்பில் உள்ள விட்டமின் சீ இரும்பை உள்ளே இழுத்துக் கொடுக்கும்.

இரண்டாவது, தூக்கம். தேத்தண்ணீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், குடித்து ஐந்து மணி நேரம் சென்ற பின்னும் ஏறக்குறைய பாதியளவு உடம்பில் நிற்கிறது. அஸருக்குப் பின் குடித்த சாயம் இஷாவுக்குப் பின்னும் வேலை செய்கிறது. தூக்கம் வரும், ஆனால் ஆழாது. ஆகவே நோவுள்ள சகோதரிகள் லுஹருக்குப் பிறகு சாயத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். பின்னேரம் சூடாக ஏதும் தேவையென்றால் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்ட தண்ணீர் இருக்கிறது. நாளொன்றுக்கு ஏழெட்டுக் கோப்பை குடித்துப் பழகியவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். கிழமைக்கு ஒரு கோப்பையாகக் குறையுங்கள்.

மூன்றாவது, சீனி. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பை என்றால் பன்னிரண்டு தேக்கரண்டிச் சீனி தேத்தண்ணீரில் மட்டும் போகிறது. உணவில் சேர்க்கும் சீனியை ஆறு தேக்கரண்டி அளவுக்குள் வைத்துக்கொள்வது மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நம் பெரியவர்கள் சாயத்தில் சீனியைக் கரைக்காமல், கித்துள் கருப்பட்டியில் ஒரு சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். அந்தப் பழக்கத்தில் இனிப்பு குறைவாகவே செலவானது.

ரொட்டியும் சம்பலும்

தோட்டப்புறத்தில் கோதுமை மா ரொட்டி வந்த கதை நீளமானது. அரிசியையும் மாவையும் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு ரொட்டிதான் வசதி. சுட்டு மடித்து எடுத்துக்கொண்டு மலைக்குப் போகலாம். டவுனில் கடை வைத்திருக்கும் நம் வீடுகளிலும் காலையில் பாண், இரவில் ரொட்டி என்று மாவே ஆட்சி செய்கிறது.

வயிறு நிரம்புகிறது. ஆனால் வெள்ளை மாவும் தேங்காய்ச் சம்பலும் மட்டுமானால் புரதமும் இரும்பும் நார்ச்சத்தும் போதாது. சிறிது நேரத்தில் மீண்டும் பசிக்கிறது. பிஸ்கட்டும் சீனித் தேத்தண்ணீரும் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. உடம்பு பெருக்கிறது, சத்து குறைகிறது. உடல் எடை கூடியிருப்பவர்கள் கொஞ்சம் குறைத்தால் இந்நோயின் நோவும் குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

கோதுமையை முற்றாக விடச் சொல்கிறார்கள் சிலர். கோதுமைப் புரதம் ஒவ்வாத நோய் ஒன்று இருக்கிறது. அதைப் பரிசோதனையில் கண்டவர்கள் விடத்தான் வேண்டும். மற்றவர்கள் ரொட்டியை விட வேண்டியதில்லை, ரொட்டியைத் திருத்தினால் போதும். மாவில் பாதிக்குக் குரக்கன் மாவைச் சேருங்கள். முருங்கைக்கீரையையும் வெங்காயத்தையும் அரிந்து போட்டுப் பிசையுங்கள். சம்பலோடு ஒரு முட்டை, அல்லது ஒரு கை அவித்த பயறு, கௌபி, கடலை சேருங்கள். பயறுக்கும் கௌபிக்கும் இறைச்சி விலையில்லை. புரதமும் இரும்பும் மக்னீசியமும் அவற்றில் உண்டு.

நெத்தலிக் கருவாட்டைக் கொதிநீரில் ஊறவிட்டு உப்பைப் போக்கிச் சமைத்தால் அருமையான உணவு. முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கிறது. டின் மீனும் நல்லதே. மாட்டு ஈரல் இரும்பின் களஞ்சியம். இரண்டு கிழமைக்கு ஒரு முறை போதும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்த்துக்கொள்ளட்டும். அதிலுள்ள விட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் கருவுக்குக் கேடு.

கீரையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நுவரெலியாத் தோட்டங்களில் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், நோக்கோல் என்று மலையாய்க் குவிகிறது. பீட்ரூட்டை வாங்கும் நாம் அதன் இலையை வெட்டி எறிகிறோம். நோக்கோல் இலைக்கும் அதே கதி. இரண்டையும் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் அருமையான கீரை. மருந்தடித்த மரக்கறியாக இருக்கலாம் என்பதால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

வயிறு கோளாறு செய்தால்

இந்நோய் உள்ள பலருக்குக் குடலும் இலேசில் கோபிக்கும். பயறும் கடலையும் பொருமல் தருமானால் இரவு முழுவதும் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக அவியுங்கள். முதலில் இரண்டு மேசைக்கரண்டி தின்று பழகுங்கள். வெங்காயமும் பாலும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. யாருக்கு எது ஆகாது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதைக் கண்டுகொள்ள ஒரு வழி: பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். இன்று என்ன தின்றேன், எத்தனை கோப்பை குடித்தேன், எப்படித் தூங்கினேன், நோவு பத்துக்கு எத்தனை என்று நான்கு கிழமைக்கு எழுதுங்கள். சந்தேகமான ஒரு பொருளை மட்டும் விட்டுப் பாருங்கள். ஒரேயடியாகப் பத்துப் பொருளை விட்டால் எது குற்றவாளி என்று தெரியாது, உடம்பும் மெலிந்துவிடும். அஜினமோட்டோவை விட்டவர்களுக்கு நோவு குறைந்தது என்று சிறிய ஆய்வொன்று சொன்னது. இன்னொன்றில் அந்தப் பலன் தெரியவில்லை. உங்கள் கொப்பி என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

வைத்தியர் இரவில் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை கொடுத்திருக்கலாம். மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்று யாரோ சொல்லக் கேட்டுச் சகோதரிகள் அதை எறிந்துவிடுகிறார்கள். இங்கே அது தூக்கத்தை ஆழமாக்கவும் நோவின் திருகைக் குறைக்கவும் கொடுக்கப்படுகிறது. நாக்கு வறளும், மலம் இறுகும். அதற்குத்தான் தண்ணீரும் கீரையும் பப்பாசியும். இந்நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் எடையைக் கூட்டவும் செய்யும். அவற்றைத் திடீரென்று நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வெயிலும் ஒரு சத்து

விட்டமின் டீ உணவில் குறைவாகவே உண்டு. முட்டை மஞ்சட்கரு, மீன், ஈரல் ஆகியவற்றில் கொஞ்சம் கிடைக்கும். பெரும்பகுதியை வெயில் பட்ட தோலே உண்டாக்கிக்கொள்கிறது. மூடுபனி நிறைந்த ஊரில், பகலெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு, வெளியில் போனாலும் மூடிய உடையோடு போகும் பெண்ணுக்கு இது குறைவது இயல்பு. ஹிஜாபைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. அந்நியர் பார்வை படாத பின்முற்றத்திலோ மாடியிலோ, வெயில் அடிக்கும் நாளில் முழங்கை வரை திறந்து கால் மணி நேரம் கீரை ஆயுங்கள். குறைபாடு பரிசோதனையில் தெரிந்தால் வைத்தியர் சொல்லும் அளவில் மாத்திரை எடுக்க வேண்டும்.

போத்தலில் வரும் அற்புதங்கள்

நாள்பட்ட நோவு உள்ள வீட்டைத் தேடி மருந்து விற்பவர்களும் வருகிறார்கள். மாதக் கணக்கில் குடிக்கும் பொடி, இறக்குமதிச் சாறு, கருஞ்சீரக எண்ணெய் என்று பல. கருஞ்சீரகத்தின் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். அதைச் சாட்டாக வைத்து, “வைத்தியசாலை மருந்தை நிறுத்துங்கள், எங்கள் போத்தலை வாங்குங்கள்” என்று சொல்வது வியாபாரம். சமையலில் ஒரு சிட்டிகை கருஞ்சீரகம் போடுங்கள், பரக்கத் உண்டு. ஆனால் பைப்ரோமயல்ஜியாவை முற்றாகப் போக்கும் என்று நிரூபிக்கப்பட்ட உணவோ எண்ணெயோ இதுவரை இல்லை. நல்ல உணவு களைப்பைக் குறைக்கும், தூக்கத்துக்கு உதவும், கூடுதல் நோவைத் தடுக்கும். அதுவே பெரிய காரியம்.

நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் தல்பீனா என்ற பார்லிக் கஞ்சியை ஆயிஷா (ரழி) அவர்கள் கொடுக்கச் சொல்லி வந்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பார்லியை அரைத்துப் பாலில் காய்ச்சி ஒரு பேரீச்சம்பழத்தைப் பிசைந்து போட்டால் இரவில் வயிற்றுக்கு இதமான உணவு.

ஒரு நாள் சாப்பாடு

காலையில் குரக்கன் கலந்த ரொட்டி, முட்டை அல்லது அவித்த பயறு, ஒரு வாழைப்பழம். ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணீர். மலைக்குப் போகிறவர்கள் ரொட்டியோடு அவித்த கடலையும் ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்துச் செல்லட்டும்.

பகலில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரைச் சுண்டல், நெத்தலி அல்லது கோழி, தேசிக்காய். தட்டில் பாதி மரக்கறியாக இருக்கட்டும்.

பின்னேரம் கொய்யா அல்லது ஒரு பிடி நிலக்கடலை, கொத்தமல்லித் தண்ணீர்.

இரவில் மஃரிபுக்குப் பின் நேரத்தோடு கஞ்சி, இடியப்பம் அல்லது சோறு கொஞ்சமாக, கறியோடு. வயிற்றை நிரப்பிக்கொண்டு படுக்கக் கூடாது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற நபிவழி இந்நோயாளிக்கு மிகப் பொருந்தும்.

கல்யாண வீட்டில் சஹனில் அமர்ந்தால் புரியாணியை விலக்க வேண்டாம். ஆனால் மறுநாளும் மீதியைச் சூடாக்கித் தின்று, வட்டிலப்பத்தைக் காலைச் சாப்பாடாக்க வேண்டாம்.

சாப்பாட்டோடு ஒரு நடையும் வேண்டும். ஐரோப்பிய வாதநோய் வைத்தியர் சங்கம் 2016இல் திருத்திய பரிந்துரைகளில் மிக உறுதியாக ஆதரித்தது உடற்பயிற்சியை மட்டுமே. சமதரையில் பத்து நிமிட நடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

நோன்பு காலத்தில்

ரமழானில் நோவு கூடுவதாகச் சிலர் சொல்வார்கள். பசி மட்டும் காரணமல்ல. தராவீஹுக்கும் சஹருக்கும் நடுவே தூக்கம் துண்டுபடுவதும், இஃப்தாரில் ரோல்ஸும் சமோசாவும் சர்பத்துமாக வயிறு நிறைவதும், பகலில் தண்ணீர் இல்லாமையும் சேர்ந்துகொள்கின்றன. பேரீச்சம்பழம், தண்ணீர், பயறு சேர்த்த நோன்புக் கஞ்சி, பழம். இதோடு இஃப்தாரை முடித்துத் தொழுதுவிட்டுச் சோறு தின்னுங்கள். சஹரைத் தவறவிடாதீர்கள். சஹரில் முட்டையோ பயறோ இருக்கட்டும். சாயத்தை ரமழான் வருமுன்பே குறைத்துப் பழகினால் முதல் நாட்களின் தலைவலி வராது. பகலில் கைலூலா என்னும் சிறுதூக்கம் அரை மணி நேரம் போதும்.

மருந்து நேரங்களைச் சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோன்பு நோயைக் கடுமையாக்கும் என்று நம்பகமான வைத்தியர் சொன்னாலோ, உங்கள் அனுபவத்தில் தெளிவாகத் தெரிந்தாலோ, மார்க்கம் தந்த சலுகை உங்களுக்கும் உரியது. உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் களா செய்யலாம். குணமாகும் நம்பிக்கையே இல்லாத நிலையில் நாளுக்கு ஒரு முத்து அளவு தானியம் ஏழைக்குக் கொடுப்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். உங்கள் நிலையை ஊர் ஆலிமிடம் விளக்கிக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். வெளியில் தெரியாத நோய் என்பதற்காக இந்தச் சலுகையைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வீட்டாருக்கு

மேலே சொன்னதெல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. அந்தப் பெண்ணின் தட்டில் அவை வந்து சேர வேண்டும். நம் வீடுகளில் ஆண்கள் தின்று, பிள்ளைகள் தின்று, விருந்தாளி தின்று, கடைசியில்தான் சமைத்தவள் உட்காருகிறாள். முட்டையும் மீனும் அதற்குள் முடிந்துவிடுகின்றன. சட்டியின் அடியில் கிடக்கும் குழம்பும் காய்ந்த ரொட்டியும் ஒரு கோப்பைச் சாயமும் அவளுக்கு மிச்சம். இரத்தம் எங்கிருந்து ஊறும்?

மனைவிக்கு உணவளிப்பது கணவன்மீது கடமை என்பதை நிக்காஹ் பாடத்தில் படிக்கிறோம். மிச்சத்தைக் கொடுத்தால் அந்தக் கடமை நிறைவேறிவிட்டதாக எண்ணலாமா? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் கை கொடுத்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தேங்காய் துருவுவதும், மாப்பிசைவதும், தண்ணீர் வாளி தூக்குவதும் நோயாளியின் தோளையும் மணிக்கட்டையும் வருத்தும் வேலைகள். மகன்மார் செய்தால் அவர்களுடைய மதிப்புக் குறைந்துவிடாது.

மாமிமாரும் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும். நேற்று ஓடியாடியவள் இன்று படுத்திருந்தால் நடிப்பென்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருப்பது இந்நோயின் சுபாவம். நன்றாக இருக்கும் நாளில் ஒரு கிழமை வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் வீழ்ந்து கிடப்பவர்களே அதிகம். வேலையைப் பங்கிட்டுச் செய்ய விடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. இந்த மாதம் இரண்டு காரியங்களைச் செய்து பாருங்கள். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். சட்டியில் இருந்து முதல் அகப்பை எடுக்கும்போதே நோவுள்ளவளின் பங்கையும் எடுத்து மூடி வையுங்கள். இரண்டுக்கும் ஒரு சதமும் செலவில்லை.

நோயுற்ற நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.